தேசிக்காய் நசிக்காமல் வெளிக்கிட்ட கார்

எனக்குக் கலியாணம் பேசி வந்த மூண்டாவது ஆள், பொம்பிளை பார்க்கிறதை ஒரு பாலத்தில வைச்சுக்கொள்ளுவம் எண்டு சொல்லியனுப்பினார். எண்பத்தாறாம் ஆண்டு ஒக்ரோபர் மாதம். நான் அப்ப ஸ்காபரோவில, டோர்செட் பார்க்கில, பதினோராம் மாடியில, அக்கா அத்தானோட இருந்தன். ஃபோனை வைச்சிட்டு அத்தான் விஷயத்தைச் சொல்ல, அக்கா ரெண்டு தரம் "பாலத்திலயோ?" எண்டு கேட்டா. ஆத்துக்கு மேல நிண்டுகொண்டு தேத்தண்ணித் தட்டை எப்பிடி நீட்டுறது எண்டது அவவின்ர கவலை.

ஆள் பக்கத்து ஊரான அஜக்ஸில தன்ர சின்னம்மாவோட இருந்தார். அச்சுக்கூடத்தில வேலை. அங்க சுவரில தொங்கின கலண்டரில ஒக்ரோபர் மாதத்துப் படம் ஒரு பாலமாம். முழுக்க மரம், மேல வீட்டுக்குப் போடுற மாதிரிக் கூரை, ரெண்டு பக்கமும் பலகைச் சுவர், சுவரில யன்னல். ஒரு காலத்தில இந்த மாகாணத்தில இப்பிடிப் பாலங்கள் கனக்க இருந்ததாம். இப்ப மிஞ்சினது இது ஒண்டுதான், நூறு வயசும் தாண்டிட்டுது எண்டு அவற்ற சூப்பர்வைசர் சொன்னவராம். அந்தக் கிழமைதான் ஆள் ஒரு கார் வாங்கியிருந்தார். ஹோலுக்க கதிரையில இருந்து ஆளையாள் முழுசிக்கொண்டிருக்கிறதிலும் பார்க்க, எல்லாருமாப் போய் அந்தப் பாலத்தைப் பார்த்திட்டு வருவம் எண்டாராம். எனக்கு உள்ளுக்க சிரிப்பு வந்தது. காட்டிக்கொள்ளேல்லை. ஏனெண்டால் ஆளை வேண்டாமெண்டு சொல்லுறதாத்தான் நான் ஏற்கெனவே முடிவெடுத்திருந்தன்.

அத்தானுக்கு இந்த ஏற்பாடு துண்டறப் பிடிக்கேல்லை. பார்க்கிறதெண்டால் நயாகராவைப் பார்க்கலாம், பாலத்தில பார்க்க என்ன கிடக்கு எண்டார். ஊரிலயிருந்து ஆர் வந்தாலும் அவர்தான் நயாகராவுக்குக் கூட்டிக்கொண்டு போறவர். அதுவரைக்கும் பதினொரு தரம் போய்வந்திட்டார். எந்தக் கம்பியடியில நிண்டால் தண்ணி முகத்தில அடிக்காது எண்டதும் அவருக்குத் தெரியும். இவ்வளவு அனுபவமுள்ள மனுஷனை ஒரு மரப்பாலத்துக்கு வா எண்டால் கோவம் வரத்தானே செய்யும்.

நான் வேண்டாமெண்டு முடிவெடுத்ததுக்குக் காரணத்தைச் சொல்லவேணும். காரணம் கார்தான். நான் வேலை செய்த ஃபக்டறி மார்க்கம் எண்ட ஊரில. காலமை ஏழு மணிக்கு மெஷினடியில நிக்கவேணும். ரெண்டு பஸ் மாறி, கடைசி பஸ் இறக்கிவிட்ட இடத்தில இருந்து அரை மணித்தியாலம் நடை. முதல் வருஷம் பெப்ரவரியில ஒருநாள், முழங்கால் புதையிற பனிக்குள்ளால நடக்கிறன். பக்கத்தால கார் காராப் போகுது. ஒவ்வொரு காருக்குள்ளயும் ஒரு ஆள், கையில கோப்பி, சூடாப் பாட்டுக் கேட்டுக்கொண்டு. நான் நிண்ட நிலையில நிண்டு அழுதன். குளிரில அழேல்லை, ஆத்திரத்தில அழுதன். அண்டைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்டன், எனக்கெண்டு ஒரு ஸ்டியரிங் வேணும், அதைத் தராத ஆளோட நான் குடும்பம் நடத்தமாட்டன்.

எழுத்துச் சோதினை பாஸ் பண்ணினால் ஒரு வருஷத்துக்குக் கார் பழக ஒரு லைசன்ஸ் தருவினம். எங்கட சனம் அதை முந்நூற்றறுபத்தைஞ்சு எண்டு சொல்லும். பக்கத்தில முழு லைசன்ஸ் உள்ள ஆள் இருந்தால் ஓடலாம். அது என்னட்டை இருந்தது. பக்கத்தில இருக்கத்தான் ஆளில்லை. அத்தான் ரெண்டு சனிக்கிழமை பழக்கினார். ரெண்டாவது சனிக்கிழமை அவர் போட்ட சத்தத்தில நான் பிளாசாப் பார்க்கிங்குக்கு நடுவில காரை நிப்பாட்டி, திறப்பை உருவிக் காரின்ர முகட்டில வைச்சிட்டு நடந்தே வீட்டை வந்திட்டன். றோட் ரெஸ்டும் ரெண்டு தரம் ஃபெயில். கண்ணாடி சரியில்லை எண்டு நான் சொல்ல, ஆடமாட்டாதவள் கூடம் கோணல் எண்டாளாம் எண்டு அத்தான் சிரிச்சார். அந்தச் சிரிப்பு எனக்கு இப்பவும் காதுக்குள்ள கேக்கும்.

கலியாணம் பேசி வந்த முதல் ஆளிட்டைக் கேட்டன், நான் கார் ஓட உங்களுக்குச் சம்மதமோ எண்டு. நான் ஓடுவன்தானே, பிறகு உங்களுக்கென்னத்துக்கு எண்டார். ரெண்டாவது ஆளுக்குப் பதிலா அவற்ற அம்மா பதில் சொன்னா, எங்கட வீட்டுப் பொம்பிளையள் பின்சீற்றிலதான் இருக்கிறவை எண்டு. ரெண்டு பேருக்கும் மாட்டனெண்டன். இந்த முறை அந்தக் கேள்வியைக் கேட்டுத் துலைக்காதை எண்டு அக்கா கையெடுத்துக் கும்பிடாத குறை. அப்பா இந்த விஷயத்துக்கெண்டே யாழ்ப்பாணத்தில இருந்து கொழும்புக்கு வந்து சித்தப்பா வீட்டில நிக்கிறார். ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டரைக்கு, அங்க விடியக் காலமை ஆறு மணிக்கு, ஃபோன் எடுத்து ஓமோ இல்லையோ சொல்லவேணும். இதையும் வேண்டாமெண்டால் நீயே உன்ர வாயால அப்பாவுக்குச் சொல்லு எண்டா அக்கா. எனக்குப் பயம் அந்த ஃபோனுக்குத்தான். அப்பாட குரலைக் கேட்டு மூண்டாந்தரமும் இல்லையெண்டு சொல்லுற தைரியம் என்னட்டை இருக்கோ எண்டு எனக்கே தெரியேல்லை.

ஞாயிறு காலமை அஜக்ஸ்காரர் வந்தார். மண்ணிறத்தில ஒரு பெரிய கார், படகளவு நீளம். பின்சீற்றில அவற்ற சின்னம்மா. நான் அவவை அன்ரி எண்டு கூப்பிட்டன். அக்கா காருக்கெண்டு நாலு தேசிக்காய் வாங்கி வைச்சிருந்தா. புதுசா வாங்கின கார் முதல் தூரப்பயணம் வெளிக்கிடேக்க நாலு சில்லுக்கும் நாலு தேசிக்காய் வைச்சு நசிக்கவேணும், அப்பதான் கண்ணூறு கழியும். செக்கண்ட் ஹாண்ட் எண்டாலும் எங்களுக்குப் புதுக் கார்தானே. ஆனா அந்த நேரம் பார்த்துக் கட்டிடத்துச் சுப்பரின்ரெண்டன் வாசலில தும்புத்தடியால கூட்டிக்கொண்டு நிண்டான். இவன் பார்த்துக்கொண்டு நிக்க வேண்டாம், போற வழியில எங்கயும் வைப்பம் எண்டு அத்தான் தேசிக்காயைச் சாப்பாட்டுப் பெட்டிக்குள்ள போட்டிட்டார்.

முன்னுக்கு அஜக்ஸ்காரரும் அத்தானும். பின்னுக்கு அன்ரி, அக்கா, பட்டுச்சாறியும் அதுக்கு மேல கோட்டுமா நான். ஹைவேயில ஏறினதில இருந்து அத்தான் வாய் ஓயேல்லை. லேன் மாறும், ட்ரக்குக்குப் பின்னால போகாதையும், ஸ்பீட்டைக் குறையும். அவர் ஒவ்வொண்டுக்கும் "ஓம் அண்ணை" எண்டார். சொல்லிப்போட்டு, தான் ஏற்கெனவே ஓடின மாதிரியே ஓடினார். நான் இதைப் பின்னாலயிருந்து கவனிச்சுக்கொண்டு வந்தன். அத்தானோட சண்டை பிடிக்காமல் அவற்ற சொல்லைக் கேக்காமல் விடலாம் எண்டது எனக்கு அண்டைக்குத்தான் தெரியும்.

கொஞ்சத் தூரத்தால ஹைவேயை விட்டு வயல்றோட்டுக்குத் திரும்பினம். ஸ்காபரோவில நாங்கள் கண்ட மரங்கள் பார்க்கிங் லொட்டுக்குப் பக்கத்தில நட்ட மரங்கள். இஞ்ச பார்த்தால், ஏறி இறங்கிற றோட்டுக்கு ரெண்டு பக்கமும் சிவப்பும் மஞ்சளும் செம்மஞ்சளுமாக் கொட்டிக் கிடந்தது. வெட்டின சோளக்காணி, பெரிய பெரிய தானியக் கொட்டில், மாடு. வடிவெண்டால் அப்பிடி ஒரு வடிவு. கோவத்தோட போன எனக்கே மனம் இளகிப்போச்சு. கண்ணாடியை இறக்கிவிட்டன், அக்கா குளிருதெண்டு ஏத்தினா, நான் பிறகும் இறக்கினன்.

எதிராலை குதிரை வண்டில் வரத் தொடங்கிச்சுது. கறுப்புத் தொப்பி போட்ட ஆம்பிளையள், தலையை மூடிக் கட்டின பொம்பிளையள், சேர்ச் முடிஞ்சு குடும்பம் குடும்பமாப் போகினம். அன்ரி படம் எடுக்கினமோ எண்டு கேட்டா. அத்தான் திரும்பி விளங்கப்படுத்தினார், உவை ஒரு சமயக்காரர், கார் ஓடாத சனம் எண்டு. என்ர வாய் சும்மா கிடக்குமே? ஓ, அப்ப கார் ஓட விடாத அத்தான்ர ஆக்கள் இஞ்சையும் இருக்கினம் எண்டு சொல்லிப்போட்டன். அக்கா என்ர துடையில நுள்ளினா. முன் கண்ணாடியில ரெண்டு கண் சிரிச்சதைக் கண்டன். அது அத்தான்ர கண் இல்லை.

வழியில ஒரு மரத்தடியில நிப்பாட்டி ரோல்ஸும் கட்லட்டும் சாப்பிட்டம். அத்தானுக்கு விக்கல். தண்ணிப் போத்திலுக்க தேசிக்காயைப் பிழிஞ்சு, சீனி போட்டுக் குலுக்கி எல்லாருக்கும் ஊத்தினார். அன்ரி ரெண்டு கப் குடிச்சா. பெட்டியை மூடேக்கதான் அக்கா கண்டா, நாலு தேசிக்காயும் வெறும் தோலாக் கிடக்கு. அன்ரி பக்கத்தில நிண்டபடியால் அவவால ஒண்டும் சொல்ல ஏலேல்லை. அத்தானைப் பார்த்த பார்வை மட்டும் எனக்குப் போதுமாயிருந்தது.

பாலம் வளைவில திடீரெண்டு தெரிஞ்சது. தண்ணிக்கு மேல நீளமா, செந்நிறப் பலகை அடிச்ச ஒரு கட்டிடம். கூரையும் யன்னலும். காரை இந்தக் கரையில விட்டிட்டு இறங்கினம். உள்ளுக்க பார்த்தால் இருட்டு, குளிர்ச்சி, பெரிய பெரிய மரத்தூண்கள் சாய்வா நிண்டு முகட்டைத் தாங்குது, பழைய மரத்தின்ர வாசம். அன்ரி வாசலில நிண்டு அண்ணாந்து பார்த்தா. பிறகு கோயில் வாசலில மாதிரிக் குனிஞ்சு செருப்பைக் கழட்டி ஒரு பக்கமா வைச்சிட்டு உள்ளுக்குக் காலடி எடுத்து வைச்சா.

அதைக் கண்டதும் அக்கா கழட்டினா. பெரியவ கழட்டி நிக்க நாங்கள் எப்பிடிப் போட்டுக்கொண்டு போறது? நானும் கழட்டினன். அஜக்ஸ்காரர் ஒருக்கா யோசிச்சிட்டுச் சப்பாத்தோட, உள்ளுக்க போட்டிருந்த மேஸையும் சேர்த்துக் கழட்டினார். இது பாலம் எண்டு அத்தான் முணுமுணுத்தார். சொல்லிச் சொல்லியே குனிஞ்சு சப்பாத்து நூலை அவிழ்த்தார். அக்கா தன்ர செருப்பை மற்றப் பக்கத்தில தனிய வைச்சிருந்தா. மற்ற நாலு சோடியும் வலக்கைப் பக்கத்தில, பலகைச் சுவரோரமா, வரிசையா.

உள்ளுக்க நாங்கள் அஞ்சு பேரும் வெறுங்காலோட அடி எடுத்து வைச்சுக்கொண்டு போறம், எதிராலை ஒரு குதிரை வண்டில் வருது. சுவரோட ஒட்டிக்கொண்டு நிண்டம். தொப்பிக்காரர் எங்கட சாறியைப் பார்த்தார், பிறகு காலைப் பார்த்தார், பிறகு மெல்லத் தொப்பியில கைவைச்சிட்டுப் போனார். வாசலடியில குதிரை கொஞ்சம் தாமதிச்ச மாதிரி இருந்தது. ஏனெண்டு நாங்கள் பார்க்கேல்லை.

நடுப்பாலத்தில ஒரு யன்னலடியில அக்கா என்னையும் அவரையும் விட்டிட்டு, அங்கால ஆறு நல்லாத் தெரியுமாம் எண்டு மற்ற ரெண்டு பேரையும் அடுத்த கரைக்கு இழுத்துக்கொண்டு போனா. அத்தான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார். தூணெல்லாம் சோடி சோடியாப் பேர் எழுத்து வெட்டிக் கிடந்தது. இந்தப் பாலத்துக்கு ஊராக்கள் முத்தப் பாலம் எண்டு பேர் வைச்சிருக்கினம், அதை உங்கட அத்தானுக்குச் சொல்லேல்லை எண்டார் அவர். காது சிவந்துபோய் ஆத்தைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார். எனக்கு அவரைப் பிடிச்சுப்போச்சு. பிடிச்சதுதான் பயத்தைக் கூட்டினது. இனி இந்த மனுஷனும் அந்த ரெண்டு பேர் மாதிரிப் பதில் சொன்னால், வேண்டாமெண்டு சொல்ல எனக்கு மனம் நோகும். கேக்காமல் விடுவமோ எண்டும் ஒருக்கா நினைச்சன். பிறகு அந்தப் பெப்ரவரி மாதத்துப் பனியை நினைச்சன்.

"கலியாணம் கட்டினால் நான் கார் ஓடலாமோ?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். உண்மையா விளங்காத ஆள் மாதிரி.

"ஏன், கட்டாட்டில் ஓடமாட்டீங்களோ?"

நான் வைச்சிருந்த கேள்விக்கு ஓம், இல்லை எண்ட ரெண்டு பதிலைத்தான் எதிர்பார்த்தனான். அவர் என்னட்டை முந்நூற்றறுபத்தைஞ்சு இருக்கோ எண்டு கேட்டார். காருக்க கிடக்கிற ஹாண்ட் பாக்கில இருக்கெண்டன். பொக்கற்றுக்க கைவிட்டுத் திறப்பை எடுத்து என்ர கையில வைச்சு, அப்ப காரை அந்தக் கரைக்குக் கொண்டுபோவம் எண்டார்.

பட்டுச்சாறியைத் தூக்கிச் செருகிக்கொண்டு, செருப்புப் பக்கம் திரும்பியும் பாராமல் வெறுங்காலோட, அந்தப் படகுக் காரில ஏறினன். அவர் பக்கத்தில இருந்து பெல்ற்றைப் போட்டார். பாலம் ஒரு கார் போற அகலம்தான். அந்தக் கரையில அத்தான் எங்களைக் கண்டிட்டு ரெண்டு கையையும் ஆட்டுறார், வேண்டாம் வேண்டாம் எண்டு. நான் இடப்பக்கத்துத் தூணில முட்டிப்போடுவன் எண்ட பயத்தில வலப்பக்கம் கூட ஒதுக்கிப்போட்டன். வாசலில ஏறேக்க வலப்பக்கச் சில்லு என்னத்துக்கோ மேல ஏறி இறங்கிச்சுது. பிறகு இன்னொருக்கா. எனக்குப் பிரேக்கில கால் போயிட்டுது.

"சப்பாத்துத்தான்," எண்டார் அவர். "நிப்பாட்டாதேங்கோ, போங்கோ."

போனன். ஒவ்வொரு யன்னலாலயும் வெயில் வந்து மடியில விழுந்து விழுந்து போகுது. கீழ பலகை கடகடக்குது. ஒரு தூணிலயும் முட்டேல்லை. மற்றப் பக்கத்தால வெளியில வந்து, புல்லில ஓரங்கட்டி, கியரைப் பார்க்கில போட்டு, திறப்பைத் திருப்பி நிப்பாட்டினன். எனக்கு அண்டைக்கு இருந்த சந்தோஷம் கழுத்தில தாலி ஏறின அண்டைக்கும் இருக்கேல்லை. இதை அவருக்கும் சொல்லியிருக்கிறன்.

திரும்பிப் போய்ப் பார்த்தம். குதிரை ஏன் தாமதிச்சது எண்டது அப்ப விளங்கிச்சுது. அது சப்பாத்து வரிசையடியில தன்ர அலுவலை முடிச்சிட்டுப் போயிருக்கு. அதுக்குள்ள வைச்சு நான் காரால மிதிச்சிருக்கிறன். அத்தான்ர புதுக் கறுப்புச் சப்பாத்து அப்பளம் மாதிரித் தட்டையாச் சாணிக்குள்ள கிடந்தது. அன்ரியின்ர செருப்பு வார் அறுந்துபோச்சு, என்ர செருப்பின்ர குதி உடைஞ்சுபோச்சு. அவற்ற சோடியில ஒண்டு சில்லில எத்துப்பட்டு, சரிவால உருண்டு ஆத்துக்க விழுந்து போய்க்கொண்டிருந்தது. அக்கான்ர சோடிக்கு மட்டும் ஒரு தூசும் படேல்லை.

அத்தான் வெடிச்சார். அக்காவுக்கோ கண் கலங்கிட்டுது. வெண்ணெய் திரண்டு வர தாழி உடைஞ்ச கதையாப்போச்சே எண்டு என்ர காதுக்க சொன்னா. எல்லாரும் அன்ரியின்ர முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நிண்டம். அவ குனிஞ்சு அறுந்த வாரைத் தூக்கிப் பார்த்தா. சில்லைப் பார்த்தா. என்னைப் பார்த்தா.

"தேசிக்காயைத்தான் குடிச்சுப்போட்டம்," எண்டா. "பிள்ளை வேற நல்ல சாமானா நசிச்சுப்போட்டுது. இனிக் காருக்குக் கண்ணூறு இல்லை."

அதுக்குப் பிறகு அத்தானாலயும் கோவத்தைப் பிடிச்சு வைச்சிருக்க ஏலேல்லை. ஞாயிற்றுக்கிழமை அந்தக் காலத்தில கடையெல்லாம் பூட்டு, ஒரு சோடி செருப்பும் வாங்க ஏலாது. திரும்பி வரேக்க ஹைவேக்குப் பக்கத்தில ஒரு டோனட் கடையில நிப்பாட்டினால், கதவில சப்பாத்தில்லாமல் உள்ளுக்க வரக்கூடாது எண்டு எழுதி ஒட்டியிருக்கு. அக்கான்ர அந்த ஒரு சோடியைத்தான் மாறி மாறிப் போட்டுக்கொண்டு அஞ்சு பேரும் பாத்ரூமுக்குப் போய் வந்தம். குதி உயர்ந்த செருப்பில, கோப்பிக் கப்போட, நிலத்தைப் பார்த்துப் பார்த்து அத்தான் வந்த வரவை நாங்கள் காருக்க இருந்து பார்த்தம். அன்ரிக்குச் சிரிச்சுச் சிரிச்சுப் புரையேறினது.

எட்டரைக்கு அக்கா கொழும்புக்கு ஃபோன் எடுத்தா. அவரும் அன்ரியும் எங்கட சோபாவில, வெறுங்காலோட, தேத்தண்ணிக் கோப்பையோட இருக்கினம். அத்தான் கால் கழுவிப்போட்டு வந்து நிக்கிறார். ஆரும் என்னட்டை ஒண்டும் கேக்கேல்லை. அக்கா ரெண்டு சொல்லுக் கதைச்சிட்டு றிசீவரை என்ர கையில திணிச்சா. ஃபோன் லைன் இரைஞ்சுகொண்டிருந்தது. பெடியன் எப்பிடி எண்டு அப்பா கேட்டார்.

"அவற்ற சப்பாத்துக்கு மேலால காரை ஏத்திப்போட்டன் அப்பா. அவர் நிப்பாட்டாமல் போங்கோ எண்டவர்."

நிமிஷத்துக்கு நிமிஷம் காசு ஓடுதெண்டு அக்கா மணிக்கூட்டைக் காட்டுறா. கடைசியில அப்பா தொண்டையைச் செருமினார். கலியாணத்துக்குப் போட நான் ஒரு சோடி வாங்கி அனுப்பிறன், உனக்குச் சம்மதமெண்டால் அவற்ற சப்பாத்தின்ர அளவென்னவெண்டு கேட்டுச் சொல்லு எண்டார்.

எனக்குக் கேக்கத் தேவையிருக்கேல்லை. அவற்ற மிஞ்சின ஒற்றைச் சப்பாத்தை ஆத்துத் தண்ணியில கழுவிக் குடுத்தது நான்தான். உள்ளுக்க இலக்கம் அடிச்சிருந்ததைக் கண்டனான்.

"ஒன்பது அப்பா," எண்டன்.

அவர் குனிஞ்சு தன்ர வெறுங்காலைப் பார்த்தார். அக்கா எழும்பிக் குசினிக்குள்ள ஓடிப்போய், எல்லாற்ற வாயிலயும் போடச் சீனிப் போத்திலை எடுத்துக்கொண்டு வந்தா.